கடவுளால் முடியாதது

ஜோயல் தம்பி,

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். முதல் இரண்டு வரியைப் படிப்பாய், கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். நேரில் சொன்னால் அதைவிட மோசம். நீ ‘சரிமா, சரிமா’ என்பாய், நான் பாதியிலேயே கோபப்பட்டு எழுந்துவிடுவேன், அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். ஷர்மினி படித்தாலும் பரவாயில்லை, நீ கட்டிக்கொண்டவளுக்குத் தெரியக்கூடாத எதுவும் இதில் இல்லை. நீளமாகத்தான் இருக்கும். குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்து படி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பிரிக்பீல்ட்ஸில் நாம் வழக்கமாகப் போகும் வாழையிலைக் கடையில் உட்கார்ந்திருந்தோம். ரூத் உன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பிறந்ததிலிருந்தே ஞானஸ்நானப் பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது, நீதான் பிடி கொடுக்கவில்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில் உனக்கு மறுப்பில்லை. ஷர்மினி விசுவாசி, அவள் விருப்பப்படி பிள்ளையை வளர்க்கட்டும் என்றாய். ஆனால் பாஸ்டர் பெற்றோரைச் சபைக்கு முன்னால் நிறுத்தி, திரியேக தேவனை விசுவாசிக்கிறீர்களா என்று கேட்பாரே, அதற்குத்தான் உன்னால் பதில் சொல்ல முடியாது என்று சொல்லிவந்தாய். அன்றைக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை. சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். நீயாகவே ஆரம்பித்தாய்.

“சரிமா, உங்களுக்காக சொல்லிடுறேன். பாஸ்டர் கேட்பாரு, ‘விசுவாசிக்கிறேன்’னு சொன்னா முடிஞ்சது. வெறும் வார்த்தைதானே.”

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ பதினைந்து வயதில் நற்கருணைக்கு எழுந்து வராமல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாயே, அன்றிலிருந்து உன் வாயால் அந்த ஒரு வார்த்தையைக் கேட்க வேண்டும் என்றுதான் நான் ஜெபித்து வந்திருக்கிறேன். கடையை விட்டு வெளியே வருவதற்குள் கிள்ளானில் இருக்கும் உன் சின்னம்மாவுக்கு போன் போட்டுவிட்டேன். மறுநாளே அப்பா ஞானஸ்நான விருந்துக்குப் பிரியாணி சொல்லிவிட்டார். நன்றாக யோசித்துப் பார்த்தால், அன்றைக்கு நான் ஷர்மினி முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவள் சிரிக்கவில்லை. அது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

அந்தச் சந்தோஷம் ரயிலில் கெட்டுப்போனது. ரூத்துக்கு வெள்ளைக் கவுன் வாங்க ஒரு நாள் கோமுட்டரில் ஏறி கிள்ளானுக்குப் போனேன். வேலைக்குப் போன காலம் முழுவதும் அதே வண்டியில்தான் போய்வந்தேன். உட்கார்ந்ததும் பழைய ஞாபகமெல்லாம் வந்தது, கூடவே உன் ‘வெறும் வார்த்தைதானே’யும் வந்தது. அதற்குப் பிறகு அது போகவே இல்லை.

உனக்குத் தெரியும், நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். தமிழ்ச் சாட்சி யார் கூண்டில் ஏறினாலும் முதலில் நான்தான் அவர்களுக்கு உறுதிமொழி சொல்லிக்கொடுப்பேன். நான் ஒரு துண்டு சொல்ல, அவர்கள் ஒரு துண்டு சொல்ல வேண்டும். எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேனோ தெரியாது. அதில் பாதிப் பேர் அதை வெறும் வார்த்தையாகத்தான் சொன்னார்கள். வாய் உண்மை உண்மை என்று சொல்லும், கண் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்க்கும். பக்கத்தில் நிற்கிறவளுக்குத் தெரியாமல் போகுமா? ஆனாலும் என் வேலை அதைச் சொல்வதில்லை. பொய்யோ மெய்யோ, சொன்னதைச் சொன்னபடி மலாய் மொழியில் சொல்லிவிட்டு நிற்பதுதான் என் வேலை. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, சாட்சி உளறினால் அந்த உளறலைச் சரிசெய்து கொடுக்கக் கூடாது. முதல் வருஷம் அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நம் சனமாச்சே, கோர்ட்டில் அசிங்கப்படக் கூடாதே என்று கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்லுவேன். ஒரு மாஜிஸ்திரேட் அம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, சாட்சிக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நீ அவன் வாயைப் பிடுங்கிக்கொள்கிறாய் என்று மென்மையாகத்தான் சொன்னார். அதோடு அந்தப் பழக்கத்தை விட்டேன். கோர்ட்டில் விட்டேன், வீட்டில் விடவில்லை என்று நீ முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது.

ஒரு லாரி ஓட்டுநரை மறக்க முடியவில்லை. முதலாளி பக்கத்துக்குச் சாட்சி சொல்ல வந்தவர். நான் உறுதிமொழியை ஆரம்பித்ததும் என் பக்கம் குனிந்து, “அக்கா, இத சொல்லிட்டா அப்புறம் பொய் சொல்லக் கூடாதில்ல? அப்ப நான் சொல்லல லா” என்றார். கோர்ட்டே சிரித்தது. நான் அதையும் அப்படியே மலாயில் சொன்னேன், ‘லா’ மலாயிலும் உண்டு, அதை மட்டும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. மாஜிஸ்திரேட்டிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். முதலாளியின் வக்கீல் முகம் தொங்கிப்போய், இந்தச் சாட்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் பெரிய உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை. பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான். ஆனால் அந்த வார்த்தைகளுக்கு எடை உண்டு என்று அவர் நினைத்தார். நீ சின்ன வயதில் அப்படித்தான் இருந்தாய். இப்போது எனக்காக அதை விட்டுக்கொடுக்கிறேன் என்கிறாய், அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

சின்ன வயதில் நீ எப்படி இருந்தாய் என்று கேள். ஞாயிறு பள்ளியில் உன் வகுப்புக்கு நான்தான் டீச்சர். திரித்துவத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று மண்டையைக் குடைந்து, கடைசியில் வீட்டில் இருந்த த்ரீ-இன்-ஒன் காப்பிப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். உலகத்தில் வேறு எந்த ஊர்ச் சபையிலும் யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. காப்பித்தூள், சீனி, பால்மாவு, மூன்றும் சேர்ந்து ஒரே பொட்டலம், பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்று சொல்லி, எல்லோருக்கும் முன்னால் வெந்நீரில் கலக்கியும் காட்டினேன். பிள்ளைகள் ஆளுக்கொரு வாய் குடித்தார்கள். நீ மட்டும் கையைத் தூக்கினாய். “டீச்சர், சீனி மட்டும் தனியா காப்பி இல்லையே. பிதா மட்டும் தனியா கடவுள்தானே?” என்றாய். வீட்டில் அம்மா, அங்கே டீச்சர், அந்த ஒழுங்கையும் நீ விட்டதில்லை. எனக்கு மூக்கு உடைந்தது. அடுத்த வாரம் தேங்காயைக் கொண்டுபோனேன். ஓடு, பருப்பு, தண்ணீர். அதற்கும் அதே கேள்வியைக் கேட்டாய். அதற்கடுத்த வாரம் தண்ணீர், ஐஸ்கட்டி, ஆவி என்றேன். ஒரே தண்ணீர் ஒரே நேரத்தில் மூன்றாகவும் இருக்க முடியாதே, அப்படியென்றால் இயேசு ஜெபித்தபோது யாரிடம் ஜெபித்தார் என்றாய். நான் பைபிளை மூடிவைத்துவிட்டு, எல்லோரும் பாட்டுப் பாடலாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்போது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது சொல்கிறேன், மூன்று தடவையும் நீ சொன்னதுதான் சரி. அந்த மூன்று உதாரணமும் தப்பு. சபை பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உட்கார்ந்து விவாதித்து, இப்படிச் சொல்லாதே என்று ஒதுக்கிவைத்த தப்புகள்தான் அவை. பத்து வயதில் அதை நீயாகவே கண்டுபிடித்தாய். உன்னை நாங்கள் அவிசுவாசி என்று நினைத்தோம். நீயோ எங்களைவிடக் கறாரான விசுவாசியைப் போல் கேட்டுக்கொண்டிருந்தாய்.

அப்புறம் போர்ட் டிக்சன் வாலிபர் முகாம். நான் அடுப்படியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன், பக்கத்துக் கூடத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். கடவுளால் தாமே தூக்க முடியாத ஒரு கல்லைப் படைக்க முடியுமா என்று யாரோ ஒரு பையன் விளையாட்டாகக் கேட்டான். முடியும் என்றால் தூக்க முடியாது, முடியாது என்றால் படைக்க முடியாது, எப்படியும் அவர் சர்வவல்லவர் இல்லை என்பது அவன் கணக்கு. எல்லோரும் சிரித்தார்கள். அப்போதிருந்த பாஸ்டர், பாவம், நல்ல மனிதர், கடவுளை மனிதனுடைய லாஜிக்குக்குள் அடைக்க முடியாது, அவர் அதற்கெல்லாம் மேலானவர் என்று சொல்லி முடித்துவைக்கப் பார்த்தார். நீ எழுந்தாய். உன் குரல் எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்டது.

“அப்படின்னா பாஸ்டர், நாளைக்கு அவரு கொடுத்த வாக்க மாத்திட்டாலும் நம்ம ஒண்ணும் கேட்க முடியாதுதானே? மாத்தினதும் மாத்தாததும் அவருக்கு ஒண்ணுதானே?”

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த மற்ற ஆன்டிகள் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, அது உண்மை. அதைவிடப் பெருமையாகவும் இருந்தது, அதை நான் இன்றுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. பாஸ்டர் உன்னைத் திட்டவில்லை, ஜெபிக்கலாம் என்றார். அந்த வருஷத்துக் கடைசியில்தான் நீ நற்கருணைக்கு எழுந்து வருவதை நிறுத்தினாய். உன் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, ஜெபம்தான் செய்தார்கள். நான்கூடத்தான்.

அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை, தம்பி. ரயிலில் போகும்போதும் வரும்போதும் அதைத்தான் மென்றுகொண்டிருந்தேன். எனக்குப் பெரிய படிப்பில்லை. ஆனால் நாள் முழுக்க முரண்பாட்டைப் பற்றியே பேசுகிற இடத்தில் வேலை பார்த்தவள். அங்கே கற்றுக்கொண்டதை வைத்து எனக்குத் தெளிவானதைச் சொல்கிறேன். தப்பிருந்தால் நீ சொல், நீ சொல்லாமல் விடமாட்டாய்.

முதலில் அந்தக் கல். ஒருமுறை ஒரு வக்கீல் கோபத்தில் சாட்சியிடம் ஒரு கேள்வி கேட்டார். முன்னுக்கும் பின்னுக்கும் இடித்துக்கொண்டு, கேட்பதற்குக் கேள்வி மாதிரி இருந்தது, உள்ளே பார்த்தால் ஒன்றும் இல்லை. சாட்சி என்னைப் பார்த்தார், நான் மாஜிஸ்திரேட்டைப் பார்த்தேன். இதில் நான் கொண்டுபோய்ச் சேர்க்க எந்தப் பொருளும் இல்லை, துவான் என்றேன். அவர் வக்கீலைத் திரும்பக் கேட்கச் சொன்னார். சாட்சிக்குப் பதில் தெரியவில்லை என்று யாரும் எழுதிக்கொள்ளவில்லை, ஏனென்றால் அங்கே கேள்வியே நடக்கவில்லை. எல்லாம் வல்லவரால் தூக்க முடியாத கல் என்பதும் அப்படித்தான் எனக்குப் படுகிறது. வார்த்தைகள் வரிசையாக நிற்கின்றன, அவற்றுக்குப் பின்னால் ஒரு பொருளும் இல்லை. இல்லாத ஒன்றைச் செய்ய முடியவில்லை என்பது கடவுளுக்குக் குறையாகாது.

இரண்டாவது நீ கேட்டது, அதுதான் கனமானது. கடவுள் லாஜிக்குக்குக் கட்டுப்பட்டவர் என்றால் லாஜிக் அவரைவிடப் பெரியதாகிவிடும். கட்டுப்படாதவர் என்றால் அவரைப் பற்றி நாம் சொல்வது எதற்கும் அர்த்தமில்லை, நல்லவர் என்றாலும் கெட்டவர் என்றாலும் ஒன்றுதான். இரண்டு பக்கமும் இடிக்கிறது. வருஷக்கணக்காக எனக்கும் இடித்தது. எனக்கு இதை அவிழ்த்துவிட்டது உன் அப்பாதான், அவருக்கே அது தெரியாது.

நீ ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது அப்பா வேலை முடிந்து வரும் வழியில் ரயிலில் யாரோ விட்டுப்போன கைப்பையை எடுத்துவந்தார். உள்ளே இருந்த முகவரி சுங்கை பூலோ. சாப்பிடக்கூட இல்லை, திரும்ப ரயிலேறி அங்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். ஏன் நாளைக்குக் கொடுக்கக் கூடாது, ஏன் நாமே வைத்துக்கொள்ளக் கூடாது என்று நீ என்னைக் கேட்டாய். “உங்க அப்பாவால முடியாதுடா” என்றேன். அன்றைக்கு அந்த ‘முடியாது’ உனக்குப் புரிந்தது. அப்பாவுக்குக் கையில் வலுவில்லை என்றோ, யாரோ சட்டம் போட்டுத் தடுத்தார்கள் என்றோ நீ நினைக்கவில்லை. அவர் அப்படிப்பட்டவர், அவ்வளவுதான். அந்த முடியாமை அவருக்கு வெளியிலிருந்து வந்தது இல்லை, அவர்தான் அது. அதை எடுத்துவிட்டால் அப்பா இன்னும் பலசாலி ஆகமாட்டார், அப்பாவாகவே இருக்கமாட்டார்.

கடவுளால் பொய் சொல்ல முடியாது, தம்மைத் தாமே மறுதலிக்க முடியாது என்று நாம் பைபிளில் படிக்கிறோமே, அதை நான் இப்போது இப்படித்தான் வாசிக்கிறேன். ஆமென்றால் ஆம், இல்லையென்றால் இல்லை என்பது அவருக்கு மேலே உட்கார்ந்திருக்கிற சட்டம் இல்லை. அவர் ஒரு நாள் மனம்போனபடி உண்டாக்கி, இன்னொரு நாள் கலைத்துவிடக்கூடிய ஒன்றும் இல்லை. அது அவருடைய குணம். அவர் உண்மையுள்ளவர், அதனால் உண்மையும் பொய்யும் அவரிடத்தில் ஒன்றாக முடியாது. நீங்களெல்லாம் லாஜிக் என்று சொல்வது, நான் உண்மை என்று சொல்வதன் எலும்பு. அந்த முகாமில் நீ பாஸ்டரை எதிர்த்துப் பேசவில்லை, கடவுளுக்காகத்தான் பேசினாய். அவர் வாக்கு மாறாதவராக இருக்க வேண்டும் என்று வாதாடினாய். உன் வாயால் சொன்னது என்ன என்று உனக்கே தெரியவில்லை.

திரித்துவத்தைப் பற்றி இன்னொன்று. ஒரு வழக்கில் ஒரு கிழவர் முதலில் கடை அடைத்திருந்தது என்றார். கொஞ்ச நேரம் கழித்து அதே கடையில் அப்போதுதான் பால் வாங்கினேன் என்றார். வக்கீலுக்கு ஒரே குஷி, முரண்பாடு முரண்பாடு என்று குதித்தார். மாஜிஸ்திரேட் கிழவரைப் பேசவிட்டார். கடைக்காரர் வீட்டில் துக்கம், முன்கதவை இழுத்துச் சாத்தியிருந்தார்கள், தெரிந்தவர்களுக்குப் பின்கதவு வழியாகக் கொடுத்தார்கள். இரண்டும் உண்மை. ஒரே கதவு ஒரே நேரத்தில் திறந்தும் மூடியும் இருந்தது என்று சொன்னால்தான் முரண்பாடு. கடவுள் ஒருவர் என்று எந்த வகையில் சொல்கிறோமோ, அதே வகையில் மூவர் என்று சபை சொல்லவில்லை. தன்மையில் ஒருவர், ஆள்தத்துவத்தில் மூவர். உடனே நீ கேட்பாய், அந்த வகை என்ன, இந்த வகை என்ன, விளக்கிச் சொல்லுங்கள் என்று. எனக்குத் தெரியாது. பின்கதவு இருக்கிறது என்று நம்புகிறேன், நான் அந்த வழியாகப் போய்ப் பார்த்தவள் இல்லை. புரியாததும் முரண்படுவதும் ஒன்றில்லை என்பது மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. மனிதனுடைய லாஜிக்கும் அப்படியொன்றும் தப்பே செய்யாதது இல்லை. அடிமேல் அடி வைத்து அழகாக வாதாடி, ஆரம்பத்தில் ஒரே ஒரு விஷயம் தெரியாமல் போனதால் தப்பான ஆளிடம் போய் நின்ற புத்திசாலி வக்கீல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பதில் இல்லாத இடமும் எனக்கு உண்டு. உன் மாமா டெங்கியில் போனபோது துக்கத்துக்கு வந்தவர்கள், கடவுளுக்கு அவன்மேல் பிரியம், அதனால் எடுத்துக்கொண்டார் என்றார்கள். அப்ப நம்மமேல பிரியம் இல்லையாமா என்று நீ என் காதில் கேட்டாய். என் ஒரே தம்பி பெட்டியில் கிடந்தான், நான் உனக்கு ஒரு பதிலும் சொல்லவில்லை. இன்றைக்கும் இல்லை. கோர்ட்டில் ‘தெரியாது’ என்பது ஒரு முழுப் பதில். வக்கீல்களுக்கு அது பிடிக்காது, ஆனால் அதையும் எழுதிக்கொள்வார்கள். அவன் ஏன் போனான் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயே நான் விசுவாசிக்கிறேன். தெரிந்த மாதிரி ஒரு நாளும் உன்னிடம் நடித்ததில்லை, அதற்காவது எனக்கு மார்க் போடு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவும் நான் உண்மையிலேயே நம்புகிறேன் என்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்தில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார். பொய் சொல்லவே முடியாத ஒருவருக்கு முன்னால், என் பேத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, என் மகன் ஒரு பொய் சொல்வான். அதுவும் எனக்காக. இல்லை என்பதை ஆம் என்பான். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வேன். சபை ஸ்தோத்திரம் சொல்லும். காற்றாடியைப் பார்த்துக்கொண்டு சத்தியம் செய்த அத்தனை பேரையும் பார்த்தவள் நான், உன் கண் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாமல் போகுமா? கேட்க ஆசைப்பட்ட வார்த்தையை நீ சொல்லும் அந்த நேரத்திலேயே, நீ அதைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

கவுனை வாங்கிக்கொண்டு திரும்பி வந்த அன்றே பாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். உன்னைக் கேட்காமல் போனதற்குக் கோபப்படு, பரவாயில்லை. ஒருவர் மட்டும் பதில் சொன்னால் போதுமா என்று கேட்டேன். இவர் சின்ன வயசுக்காரர், உன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்திருப்பார். தாய் விசுவாசி, அவர் சொன்னால் போதும், தகப்பன் குழந்தையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கலாம், கேள்வியை நான் ஷர்மினியைப் பார்த்துக் கேட்கிறேன் என்றார். அப்புறம் தயங்கித் தயங்கி, “ஆன்டி, சபையில நாலு பேரு பேசுவாங்க, உங்களுக்கு ஓகேயா?” என்றார். முகாமில் உன் குரலைக் கேட்டு என்னைத் திரும்பிப் பார்த்த அதே ஆன்டிகள்தான் அந்த நாலு பேரும், இப்போது அவர்களுக்கும் முட்டிவலி வந்துவிட்டது. பேசட்டும் என்றேன்.

அப்பாவிடம் சொன்னதற்கு வீட்டில் பெரிய சண்டை. சொல்றேன்னு சொன்ன பிள்ளைய நீயே தடுக்கிறியே, உனக்கு பைத்தியமா, சொன்னா நாக்கு தேஞ்சா போயிடும், சொல்லச் சொல்ல ஒருநாள் தானா வந்திடும் லா என்றார். அவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். பழக்கத்தால் விசுவாசத்துக்கு வந்தவர்களும் உண்டு, அவரே அப்படி வந்தவர்தான். ஆனால் உனக்கு அந்த வழி இல்லை என்று எனக்குத் தெரியும். பத்து வயதில் காப்பிப் பொட்டலத்தையே ஏற்றுக்கொள்ளாதவன் நீ. உண்மையின்மேல் நீ வைத்திருக்கிற அந்தப் பிடிவாதம்தான் என்றைக்காவது உன்னை அவரிடம் கொண்டுபோகும் என்றால் கொண்டுபோகும். அதை நானே உன் கையிலிருந்து பிடுங்கிவிட்டு, அதன் இடத்தில் என் ஆசையை வைத்துவிடக் கூடாது. மூன்று நாளாக அப்பா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பிரியாணியை வேண்டாம் என்று சொல்லவில்லை, அதனால் வந்துவிடுவார்.

எனக்கு இதில் வருத்தம் இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. நிறைய இருக்கிறது. நான் செத்துப்போவதற்குள் நீ அதைச் சொல்லிவிட மாட்டாயா என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறேன், நாளைக்கும் கேட்பேன். அதை நிறுத்தச் சொல்லாதே, என்னால் முடியாது. நீயும் ஷர்மினியும் சண்டை போட வேண்டாம், ரூத்துக்கு நான் ஜெபம் சொல்லிக்கொடுப்பேன், அவள் உன்னிடம் வந்து கேள்வி கேட்பாள். அப்போது அவளிடம் உனக்குத் தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல். என்னைப் போலப் பாட்டுப் பாடிச் சமாளிக்காதே.

ஞாயிறு காலையில் சீக்கிரம் வா, ஆலயத்துக்கு முன்னால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. பாஸ்டர் கூப்பிட்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நில். கேள்வி வரும், ஷர்மினி பதில் சொல்வாள். எல்லோரும் உன் வாயைத்தான் பார்ப்பார்கள், நானும் பார்ப்பேன். நீ பேசாமல் நில். குனியாமல் நில். அந்த வார்த்தை உனக்கு நிஜமாகவே வருகிற நாள் ஒன்று வந்தால், அம்மா இருக்கிறாளா, கேட்பதற்கு யாராவது இருக்கிறார்களா என்றெல்லாம் பார்க்காதே, வேலை செய்யும் இடத்தில் இருந்தாலும் சரி, சாலையில் சிவப்பு விளக்கில் நின்றாலும் சரி, அங்கேயே சொல்லிவிடு. இந்த ஞாயிறு மட்டும், எனக்காக, சொல்லாதே.

அம்மா